கண்ணாடிக்குழலும் இருபது நிமிடமும்: பாம்புக்கடியில் படுக்கையருகுக் குருதி உறைவுச் சோதனையின் தர உறுதி – காரைக்கால்மேட்டுக் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பாம்புக்கடிக்கு உள்ளானவரின் குருதி உறைகிறதா என்பதை நோயாளியின் கட்டிலருகிலேயே கண்டறிய உதவுவது இருபது நிமிட முழுக்குருதி உறைவுச் சோதனை. ஒரு கண்ணாடிக்குழல், இரண்டு மில்லி லிட்டர் குருதி, ஒரு கடிகாரம் ஆகியவையே இதற்குப் போதும். இந்த எளிமையின் காரணமாகவே இச்சோதனைக்குத் தர உறுதி தேவையில்லை என்னும் எண்ணம் மருத்துவ நடைமுறையில் நிலைபெற்றுவிட்டது. இச்சோதனையின் நம்பகம் குருதியை மட்டும் சார்ந்ததன்று. குழல், காலம், கை ஆகியவற்றையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் நிறுவுகிறது. சோழமண்டலக் கடற்கரையில் பாம்புகள் பற்றிய ஆய்வு தொடங்கிய காலம் முதல் இலங்கையில் 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகள் வரை சான்றுகள் தொகுக்கப்படுகின்றன. காரைக்கால்மேடு போன்ற மீனவக் குடியிருப்புகளின் நிலைக்கு அவை பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காரைக்கால்மேடு, கண்ணாடிவிரியன், வலகடியன், குருதி உறைவு, இருபது நிமிடச் சோதனை, தர உறுதி, முறிமருந்து.

முன்னுரை

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்றும், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்றும் 2020இல் வெளியான தேசிய அளவிலான இறப்பு ஆய்வு மதிப்பிட்டது. இவ்விறப்புகளில் கண்ணாடிவிரியனின் பங்கு பெரிது. அதன் நஞ்சு குருதியிலுள்ள உறைதற் காரணிகளைத் தூண்டி அவற்றைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. அதன்பின் குருதி உறையும் ஆற்றலை இழக்கிறது, ஈறுகளிலும் சிறுநீரிலும் குருதி கசிகிறது, சிறுநீரகம் பழுதடைகிறது. முறிமருந்து செலுத்தவேண்டுமா, எப்போது செலுத்தவேண்டும், மீண்டும் செலுத்தவேண்டுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் குருதியின் உறையும் தன்மையே பெரிதும் விடையளிக்கிறது.

ஆய்வக வசதியற்ற சிற்றூர் மருத்துவமனையில் அந்த விடையைத் தருவது படுக்கையருகுச் சோதனையே. தமிழில் பாம்புக்கடி பற்றிய எழுத்துகள் பாம்பினங்கள், முதலுதவி, நாட்டு மருத்துவம், முறிமருந்து ஆகியவற்றைப் பரவலாகப் பேசியுள்ளன. அம்முறிமருந்தைச் செலுத்தும் முடிவைத் தீர்மானிக்கும் சோதனை எவ்வாறு உருவானது, அது எப்போது பிழைபடுகிறது என்பன போதிய கவனம் பெறவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: காரைக்கால்மேடு

காரைக்கால், காவிரிப் படுகையின் கடற்கரையில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்ட புதுச்சேரி ஒன்றியப் பகுதி. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சிப் பொறுப்பில் வந்தது. தலைமையிடமான புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காரைக்கால்மேடு இப்பகுதியின் மீனவக் குடியிருப்புகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பேரிழப்பைச் சந்தித்த ஊர்.

இவ்வூர் இரு வேறு நச்சுச் சூழல்களின் சந்திப்பில் அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், வலையில் மீனோடு கடற்பாம்பும் சிக்கும். மறுபுறம் நெல்வயலும் வாய்க்கால் வரப்பும் புதரும் கொண்ட படுகை நிலம்; எலியைத் தேடிக் கண்ணாடிவிரியன் வரும் இடம். கடற்பாம்பின் நஞ்சு தசையையும் நரம்பையும் தாக்கும். குருதியின் உறைவை அது பொதுவாகக் குலைப்பதில்லை. கண்ணாடிவிரியனின் நஞ்சோ முதன்மையாகக் குருதியைத் தாக்கும். இருளில் கடிபட்டு, கடித்தது எது என்று அறியாமல் வரும் ஒருவரிடம் உறைவுச் சோதனையின் முடிவு இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும். ஆனால் அந்த முடிவு சரியாக இருந்தால் மட்டுமே அது உதவி. பிழைபட்டால் அதுவே வழிதவறச் செய்யும்.

சோழமண்டலக் கரையும் பாம்பியலும்

இந்தியப் பாம்புகளைப் பற்றிய முறையான அறிவியல் பதிவு இக்கடற்கரையோடு தொடர்புடையது. காரைக்காலுக்கு வடக்கே அண்மையிலுள்ள தரங்கம்பாடிக்கு 1768இல் டேனிய மிஷனின் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகப் பணியாற்றி 1785இல் மறைந்தார். அவரது இடத்திற்கு வந்தவர் விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். சோழமண்டலக் கடற்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய அவரது விளக்க நூல் 1796இல் வெளிவந்தது. நச்சுப்பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பது அம்முயற்சியின் நடைமுறை நோக்கமாக இருந்தது. கண்ணாடிவிரியனின் அறிவியல் பெயரில் இன்றும் ரஸ்ஸலின் பெயர் நிற்கிறது.

ரஸ்ஸலின் வழி, பாம்பைப் பார்த்து நஞ்சை அறிவது. ஆனால் கடிபட்டவர் பெரும்பாலும் பாம்பைக் கொண்டுவருவதில்லை. சரியாகப் பார்ப்பதும் இல்லை. ஆகவே பாம்பைப் பார்த்து அறிவதிலிருந்து, கடிபட்டவரின் உடலில் நஞ்சின் விளைவைப் பார்த்து அறிவதற்கு மருத்துவம் நகர வேண்டியிருந்தது. இந்நகர்வு நிகழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நஞ்சும் குருதியும்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் பணியாற்றிய ஆல்பர்ட் கால்மெத், நாகப்பாம்பின் நஞ்சுக்கு எதிரான சீரத்தை 1890களின் நடுப்பகுதியில் உருவாக்கினார். ஒரே சீரம் எல்லாப் பாம்பு நஞ்சையும் முறிக்கும் என்று அவர் கருதினார். இக்கருத்தை சி. ஜே. மார்ட்டினும், பம்பாயில் ஆய்வு செய்த ஜார்ஜ் லாம்பும் மறுத்தனர். நாகத்திற்கான சீரம் கண்ணாடிவிரியனின் நஞ்சை முறிப்பதில்லை என்பதை அவர்களது ஆய்வுகள் காட்டின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாம்ப், கண்ணாடிவிரியன் நஞ்சு மிகுந்த அளவில் குருதிநாளத்துக்குள்ளேயே உறைவை உண்டாக்குவதையும், குறைந்த அளவில் குருதியின் உறையும் ஆற்றலை நீக்குவதையும் பதிவு செய்தார். முரண்போலத் தோன்றும் இவ்விரு விளைவுகளும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். உறைதல் தூண்டப்படுகிறது, அதனாலேயே உறைதற்குரிய பொருள் தீர்ந்துபோகிறது.

1934இல் மெக்ஃபார்லேனும் பார்னெட்டும் இந்நஞ்சைக் குருதியொழுக்கு நோயில் குருதியை நிறுத்தும் பொருளாகப் பயன்படுத்தினர். நஞ்சு பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1986இல் நீர்த்த கண்ணாடிவிரியன் நஞ்சைக் கொண்டு லூபஸ் எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை விவரிக்கப்பட்டது. இன்று பெரிய ஆய்வகங்கள் பலவற்றில் அது வழக்கமான சோதனை. வயல்வரப்பில் உயிரைப் பறிக்கும் நஞ்சு, ஆய்வகத்தில் மிகுந்த தரக் கட்டுப்பாட்டுடன் கையாளப்படும் வினைபொருளாகிவிட்டது. அதே நஞ்சால் தாக்கப்பட்டவரின் குருதியைச் சோதிக்கும் குழலுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை.

குழலின் வரலாறு

குருதி உறைவதில் கலத்திற்கும் பங்குண்டு என்பது பழைய அறிவு. ஜோசப் லிஸ்டர் 1863இல் ஆற்றிய உரையில், அயற்பொருளின் தொடர்பே குருதியை உறையத் தூண்டுகிறது என வாதிட்டார். 1913இல் லீ, ஒயிட் ஆகிய இருவரும் நாளக்குருதியைக் கண்ணாடிக்குழலில் இட்டு உறையும் நேரத்தை அளக்கும் முறையை வகுத்தனர். நெடுங்காலம் மருத்துவமனைகளில் அதுவே பின்பற்றப்பட்டது.

கண்ணாடி ஏன் உறைவைத் தூண்டுகிறது என்னும் வினாவிற்கான விடை 1955இல் கிடைத்தது. ராட்னாஃப், கொலோபி ஆகியோர் ஜான் ஹேகமன் என்பவரின் குருதி கண்ணாடிக்குழலில் மிகத் தாமதமாக உறைவதைக் கண்டனர். ஆயினும் அவருக்குக் குருதிக்கசிவு நோய் எதுவும் இருந்ததில்லை. அவரிடம் இல்லாதிருந்தது பின்னர் பன்னிரண்டாம் காரணி எனப் பெயர்பெற்றது. எதிர்மின்னூட்டமுடைய கண்ணாடிப் பரப்பைத் தொடும்போது இக்காரணி தூண்டப்பட்டு உறைவுத் தொடரைத் தொடங்கிவைக்கிறது.

இக்கண்டுபிடிப்பு படுக்கையருகுச் சோதனைக்கு அடிப்படையான ஒரு பாடத்தைத் தருகிறது. கண்ணாடிக்குழல் வெறும் கொள்கலமன்று. அதுவே சோதனையின் வினைபொருள். சலவைத்தூளால் கழுவிய குழலின் உட்பரப்பில் படியும் மென்படலம் அவ்வினையைத் தடுக்கிறது. ஞெகிழிக் குழலின் பரப்பு கண்ணாடியைப்போல் தூண்டுவதில்லை. இவ்விரு நிலைகளிலும் நலமுள்ளவரின் குருதிகூட இருபது நிமிடத்தில் உறையாமல் நிற்கக்கூடும். பல்வகைக் கலங்களை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வொன்று, ஞெகிழியைவிடக் கண்ணாடியே ஏற்றது என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் இதே காலத்தில்தான் பாதுகாப்பு கருதி மருத்துவமனைகள் கண்ணாடியைக் கைவிட்டு ஞெகிழிக் குழல்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரு நன்மை கருதிய மாற்றம் மற்றொரு சோதனையின் அடித்தளத்தை ஓசையின்றி அகற்றியது.

இருபது நிமிடச் சோதனையின் தோற்றம்

லீ–ஒயிட் முறையில் குழலை அடிக்கடி சாய்த்துப் பார்த்து, உறையும் கணத்தைக் குறிக்கவேண்டும். நோயாளிகள் பலரும் ஊழியர் சிலருமாக உள்ள ஊரக மருத்துவமனைக்கு அது பொருந்தாது. நைஜீரியாவில் சுருட்டைவிரியன் கடிகளை ஆராய்ந்த டேவிட் வாரலும் உடனாய்வாளரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, எளிய படுக்கையருகு உறைவுச் சோதனையை முறிமருந்து முடிவுடன் இணைத்தது. ‘எத்தனை நிமிடத்தில் உறைகிறது’ என்னும் வினா, ‘குறித்த நேரத்தில் உறைந்ததா, இல்லையா’ என்று மாறியது. 1994இல் பிரேசிலில் சானோ-மார்ட்டின்சும் உடனாய்வாளரும், இருபது நிமிடச் சோதனையின் முடிவு ஃபைப்ரினோஜன் குறைவோடு நன்கு பொருந்துவதைக் காட்டினர்.

உலக நலவாழ்வு அமைப்பின் தென்கிழக்காசிய வழிகாட்டி இச்சோதனையைத் தெளிவாக வரையறுக்கிறது. புதிய அல்லது வெப்பத்தால் தூய்மையாக்கப்பட்ட, உலர்ந்த, சிறிய கண்ணாடிக் கலத்தில் 2 மில்லி லிட்டர் நாளக்குருதியை இடவேண்டும். அறை வெப்பநிலையில் 20 நிமிடம் அசைக்காமல் விடவேண்டும். பின் ஒருமுறை சாய்க்கவேண்டும். குருதி நீர்மமாக ஓடினால் உறைவு குலைந்துள்ளது என்று பொருள். ஐயம் எழுந்தால், நலமுள்ள ஒருவரின் குருதியைக் கட்டுப்பாட்டு மாதிரியாகக் கொண்டு மீண்டும் செய்யவேண்டும்.

இவ்வரையறையின் ஒவ்வொரு சொல்லும் ஒரு தர உறுதி விதி. ‘புதிய’ என்பது சலவைத்தூளை விலக்குகிறது. ‘உலர்ந்த’ என்பது கழுவிய நீரின் எச்சத்தை விலக்குகிறது. ‘அசைக்காமல்’ என்பது மெல்லிய உறைகட்டி கலைவதைத் தடுக்கிறது. ‘20 நிமிடம்’ என்பது தாமதமாக உருவாகும் வலுவற்ற உறைவை இயல்பானது எனக் கருதுவதைத் தடுக்கிறது. ஆனால் நடைமுறையில் சோதனையின் பெயர் மட்டும் பரவியது. விதிகள் அதே அளவில் பரவவில்லை.

ஆய்வகத் தர உறுதிக்கு வெளியே

ஆய்வக உறைவுச் சோதனைகளின் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1935இல் ஆர்மண்ட் குவிக் வகுத்த புரோத்திராம்பின் நேரச் சோதனையில், பயன்படுத்தும் திராம்போபிளாஸ்டினுக்கு ஏற்ப முடிவு மாறுபட்டது. ஒரே நோயாளிக்கு இரு ஊர்களில் இரு வேறு எண்கள் கிடைத்தன. இச்சிக்கலைத் தீர்க்க உலக நலவாழ்வு அமைப்பு 1983இல் பன்னாட்டு இயல்பாக்க விகிதத்தை (ஐ.என்.ஆர்.) ஏற்றது. இதற்கு இணையாக, ஆய்வகங்களின் செயல்திறனை வெளியிலிருந்து மதிப்பிடும் முறையும் வளர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிட்ட பெல்க், சண்டர்மேன் ஆகியோரின் 1947ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு முன்னோடி. இந்தியாவில் குருதி உறைவுச் சோதனைகளுக்கான வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்துகிறது.

இத்திட்டங்கள் யாவும் ஓர் அடிப்படையில் இயங்குபவை: உறைந்துலர்த்திய பிளாஸ்மா மாதிரியை அஞ்சலில் அனுப்பலாம். இருபது நிமிடச் சோதனைக்கு இது இயலாது. அதற்கு வேண்டியது அப்போதே எடுத்த முழுக்குருதி. வழியிலேயே அது உறைந்துவிடும். மேலும் இச்சோதனைக்கு வினைபொருள் தயாரிக்கும் நிறுவனம் இல்லை. தொகுப்பு எண் இல்லை. காலாவதி நாள் இல்லை. எண்ணாகப் பதியும் முடிவும் இல்லை. படுக்கையருகுச் சோதனைகளுக்கென 2006இல் பன்னாட்டுத் தரநிலை வகுக்கப்பட்டபோதும், கருவியற்ற இச்சோதனை நடைமுறையில் எந்தத் தணிக்கைக்கும் உட்படாமலே நின்றது. ஆய்வகத்தார் அதைத் தம்முடையதாகக் கருதுவதில்லை. சிகிச்சைப் பிரிவினரோ அதை ஒரு சோதனையாகவே எண்ணிப் பதிவு செய்வதில்லை.

இலங்கை ஆய்வுகள் காட்டும் உண்மை

இந்நிலையின் விளைவை அளந்து காட்டியவை பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கையின் ஆய்வுகள். காவிரிப் படுகையைப் போலவே அங்கும் கண்ணாடிவிரியன் கடி முதன்மைச் சிக்கல்.

இஸ்பிஸ்டர், மதுவகே முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைகளில் வழக்கமான முறையில் செய்யப்பட்ட இருபது நிமிடச் சோதனை ஆய்வக முடிவுகளுடன் ஒப்பிடப்பட்டது. உறைவு குலைந்திருந்தவர்களுள் 40 விழுக்காட்டினரை மட்டுமே அச்சோதனை சேர்க்கையின்போது கண்டறிந்தது. உறைவு குலையாதவர் எவரையும் அது தவறாகக் குறிக்கவில்லை. ஆயினும் குலைந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரை இயல்பானவர் எனக் கூறியது; அவர்களுக்கு முறிமருந்து தாமதமாயிற்று. கண்ணாடிவிரியன் கடியில் தாமதம் என்பது சிறுநீரகத்தின் இழப்பாகவோ உயிரின் இழப்பாகவோ முடியக்கூடும்.

2017இல் ரத்நாயக்க முதலியோர் வெளியிட்ட ஆய்வில், அதே சோதனை முறைப்படுத்தப்பட்ட ஆய்வுச் சூழலில் செய்யப்பட்டது. கண்டறியும் திறன் 82 விழுக்காடாகவும், உறைவு குலையாதவரைச் சரியாக விலக்கும் திறன் 98 விழுக்காடாகவும் அமைந்தன.

இரு ஆய்வுகளின் நோயாளிகளும் சூழலும் ஒன்றல்ல. ஆகவே இரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு முழுவதையும் தரத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. எனினும் நஞ்சு ஒன்று, சோதனை ஒன்று, நாடும் ஒன்று. வேறுபட்ட முதன்மைக் கூறு, சோதனை செய்யப்பட்ட ஒழுங்கு. சோதனை நல்லதா, தீயதா என்னும் விவாதத்தைவிட, எந்த ஒழுங்கில் செய்தால் அது நம்பத்தக்கது என்னும் வினாவே பயனுடையது என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. அதேவேளை, நன்கு செய்த சோதனையும் நூற்றுக்கு 18 பேரைத் தவறவிட்டது என்பதையும் மறக்கலாகாது. ஃபைப்ரினோஜன் ஓரளவு எஞ்சியிருக்கும் பகுதிக் குலைவை இச்சோதனை காண்பதில்லை.

இதற்குக் கையடக்கக் கருவிகள் மாற்றாகுமா என்ற வினா எழும். வார்ஃபரின் உட்கொள்வோருக்காக வடிவமைக்கப்பட்ட கருவிகளுள் சில, உறைகட்டி உருவாவதை அளப்பதில்லை. திராம்பின் உருவாவதை மின்வேதி முறையில் அளக்கின்றன. பாம்பு நஞ்சால் ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோன குருதியில் இவை தவறான உறுதியை அளிக்கக்கூடும். ஆஸ்திரேலியப் பாம்புக்கடி நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஒப்பீடு, இத்தகைய படுக்கையருகு ஐ.என்.ஆர். அளவை நம்பத்தக்கதன்று என்று காட்டியது. ஆகவே தர உறுதியின்றி எளிய சோதனை பிழைபடுவதுபோல், தகுதி ஆராயாமல் கைக்கொள்ளும் கருவியும் பிழைபடும்.

இந்திய நெறிமுறையும் முடிவைப் படித்தலும்

இந்தியாவில் 2007ஆம் ஆண்டளவில் உருவான தேசியப் பாம்புக்கடி நெறிமுறை இருபது நிமிடச் சோதனையை மையத்தில் வைத்தது. சேர்க்கையின்போது குருதி உறைந்தாலும், முதல் மூன்று மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும் அதன்பின் மணிக்கு ஒருமுறையும் மீண்டும் சோதிக்குமாறு அது கூறியது. நஞ்சு கடித்த இடத்திலிருந்து மெல்லப் பரவுவதால் முதற்சோதனையின் இயல்பான முடிவு இறுதியானதன்று. முறிமருந்து செலுத்தியபின் ஆறு மணி நேரம் கழித்தே மறுசோதனை. ஏனெனில் நஞ்சு முறிந்தபின்னும் கல்லீரல் உறைதற் காரணிகளை ஈடுசெய்ய அவ்வளவு காலம் தேவை. இந்த இடைவெளியைப் பொறுக்காமல் முன்கூட்டிச் சோதித்தால் தேவையற்ற மறுஅளவு செலுத்தப்படும்.

முடிவைப் படிப்பதில் தமிழ்ச் சூழலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என மூன்றும் பேச்சுவழக்கில் ‘விரியன்’ என்ற ஒரே பெயரில் அடங்குகின்றன. முதலிரண்டும் குருதி உறைவைக் குலைப்பவை. கட்டுவிரியனோ விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். குருதி இயல்பாகவே உறையும். ‘விரியன் கடித்தது’ என்ற சொல்லைக் கேட்டு உறைவுச் சோதனை செய்து, உறைந்துவிட்டது என்று ஆறுதலடைந்தால், இமை தொங்கி மூச்சுத் திணறும் வரை கட்டுவிரியன் கடி கவனிக்கப்படாமல் போகலாம்.

காரைக்கால்மேட்டின் கடற்புறத்தில் இதற்கு மறுதலையான நிலை உண்டு. கொக்கிமூக்குக் கடற்பாம்பின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றாகவே ‘வலகடியன்’ என்ற தமிழ்ச்சொல் வழங்குகிறது. இக்கடற்கரை மக்களின் பட்டறிவு உலக வழக்கில் நுழைந்ததற்கு இது சான்று. வலகடியன் கடியில் தசைவலியும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் தோன்றலாம். ஆனால் குருதி பொதுவாக உறையும். இந்தியாவில் தயாராகும் பன்முக முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கே உரியது. கடற்பாம்பு நஞ்சுக்கு அது தயாரிக்கப்படவில்லை. கருஞ்சிவப்புச் சிறுநீருடன் வரும் மீனவரின் குருதி, சலவைத்தூளால் கழுவிய குழலில் இடப்பட்டால் என்ன நிகழும்? குருதி உறையாது. சிறுநீரின் நிறம் குருதிக்கசிவாகக் கொள்ளப்படும். கண்ணாடிவிரியன் கடி என்று முடிவாகும். பயனற்ற முறிமருந்து பல குப்பிகள் செலுத்தப்படும். அதன் கடும் ஒவ்வாமை அவரது உயிருக்கு இரண்டாவது இடராகும். உண்மையான சிக்கலாகிய தசைச்சிதைவு கவனிக்கப்படாது. ஒரு குழலின் தூய்மைக் குறைவு இத்தனை பிழைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஈன்றெடுக்கும்.

தர உறுதியின் எளிய வடிவம்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சிற்றூர் மருத்துவமனைக்கு ஏற்ற தர உறுதி நெறிகளை வகுக்க இயலும்.

முதலாவது, குழல். வேறெதற்கும் பயன்படாத, புதிய, உலர்ந்த, சேர்க்கைப்பொருள் எதுவுமற்ற கண்ணாடிக்குழல்களை அவசர சிகிச்சைப் பிரிவில் தனியே மூடிவைத்தல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாகாது. கடலோர ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மூடிவைத்தல் இன்னும் தேவையாகிறது. புதிய தொகுப்பு வந்தவுடன் நலமுள்ள ஒருவரின் குருதியைக் கொண்டு அதைச் சோதித்து, நாளுடன் பதிந்துகொள்ளுதல் நன்று.

இரண்டாவது, காலம். குருதி இட்ட நேரத்தையும் படித்த நேரத்தையும் குழலின் மீதும் நோயாளியின் குறிப்பேட்டிலும் எழுதவேண்டும். நேரம் எழுதப்படாத முடிவை முடிவாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, கை. பணிமாற்ற வேளையில் சோதனையைத் தொடங்கியவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்றாகும்போது பிழை எளிதில் புகும். குழலை ஒருமுறை மட்டும் சாய்த்தல், ‘உறைந்தது’, ‘உறையவில்லை’ என்ற இரு சொற்களில் மட்டும் பதிதல் ஆகியவற்றில் செவிலியர் அனைவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி தேவை. ‘சரி’, ‘இயல்பு’, ‘நேர்’, ‘எதிர்’ போன்ற சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் குழப்பம் விளையும்; அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

நான்காவது, கட்டுப்பாட்டு மாதிரி. அஞ்சலில் வரும் மாதிரிக்கு வழியில்லாத இச்சோதனைக்கு, நோயாளியுடன் துணைக்கு வந்தவரின் குருதியே வெளித்தர மாதிரி. அவரது குருதியும் உறையவில்லையெனில் பிழை குழலில் உள்ளது. நோயாளியின் முடிவு செல்லாது. துணைக்கு வந்தவர் குருதி உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவரா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். அவரது ஒப்புதலும் வேண்டும். கடிபட்டவரின் அருகில் செய்வதறியாது நிற்கும் உறவினர், தம் இரண்டு மில்லி லிட்டர் குருதியால் சிகிச்சையில் நேரடிப் பங்கேற்கிறார்.

ஐந்தாவது, ஒப்பீடு. மேல்நிலை மருத்துவமனைக்கு நோயாளி அனுப்பப்படும்போது அங்குச் செய்யப்படும் ஆய்வகச் சோதனையின் முடிவு அனுப்பிய இடத்திற்குத் திரும்பி வரவேண்டும். காரைக்காலில் அரசு பொது மருத்துவமனையும், 2016 முதல் ஜிப்மர் கிளை வளாகமும் இயங்குவதால், ஒரே நகருக்குள் இத்தகைய ஒப்பீட்டிற்கு வாய்ப்புண்டு. தன் பிழையை அறிய வழியில்லாத சோதனை தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

இவ்வொப்பீட்டிற்கு ஆட்சி எல்லை ஒரு தடை. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு பாம்புக்கடித் தடுப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030க்குள் இறப்புகளைப் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ்ப் பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. அவ்வறிவிக்கை நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்குப் பொருந்தும். நடுவிலுள்ள காரைக்காலுக்கு அச்சட்டம் நீளாது. வயலும் வாய்க்காலும் பாம்பும் இவ்வெல்லையை அறியா. எல்லையின் இருபுறத்துப் பதிவுகளும் ஒரே படிவத்தில் அமைந்து, அப்படிவத்தில் உறைவுச் சோதனையின் குழல், நேரம், கட்டுப்பாட்டு முடிவு ஆகியவையும் இடம்பெற்றால்தான் படுகை முழுமைக்குமான உண்மை நிலை தெரியவரும்.

முடிவுரை

பேட்ரிக் ரஸ்ஸல் இக்கடற்கரைப் பாம்புகளை விளக்கி நூல் வெளியிட்டு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. நஞ்சின் செயல் அறியப்பட்டது, முறிமருந்து உருவானது, அதைச் செலுத்தும் நெறிமுறையும் வகுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கடிபட்டவரோடு இணைக்கும் கண்ணியாகிய குருதி உறைவுச் சோதனை மட்டும், எளியது என்னும் காரணத்தாலேயே தணிக்கைக்கு வெளியே விடப்பட்டது. கண்ணாடியே வினைபொருள் என்பதை 1955ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு உணர்த்தியது. ஒழுங்கின்றிச் செய்தால் இச்சோதனை பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிடக்கூடும் என்பதை 2013ஆம் ஆண்டின் ஆய்வும், ஒழுங்குடன் செய்தால் பெரும்பாலோரைக் கண்டறியும் என்பதை 2017ஆம் ஆண்டின் ஆய்வும் உணர்த்தின.

தர உறுதி என்பது விலையுயர்ந்த கருவியோடும் சான்றிதழோடும் மட்டும் தொடர்புடையதன்று. காரைக்கால்மேட்டிலிருந்து நள்ளிரவில் கொண்டுவரப்படும் ஒருவருக்கு அது ஒரு புதிய கண்ணாடிக்குழலாகவும், எழுதிவைத்த இரு நேரங்களாகவும், துணைக்கு வந்தவரின் சிறிதளவு குருதியாகவும் அமைகிறது. இம்மூன்றும் இருக்கும் இடத்தில் இருபது நிமிடக் காத்திருப்பு மருத்துவ முடிவாகிறது. இல்லாத இடத்தில் அது காலவிரயமாகிவிடுகிறது. காவிரிப் படுகையின் சிற்றூர் மருத்துவமனைகளில் இச்சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நேரடியாக அளக்கும் களஆய்வுகள் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கவை.